திரும்பிப் போனது பதிவில் இல்லை

சென்ற மாதம் ஒரு காலை, முற்றத்தில் மிளகைக் காயப் போட்டுவிட்டு ஒரு சேவலோடு நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது நிரோஷனி போன் எடுத்தாள். ஓய்வு பெறுவதற்கு முந்தின இரண்டு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பழகிய பிள்ளை. இப்போது என் கதிரையிலேயே இருக்கிறாள். அந்தக் கதிரையின் ஒரு கால் ஆடுவதற்கு இன்னமும் என்னைத்தான் திட்டுகிறாள்.

“சேர், பழைய ஃபைல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறோம். ஒண்ணுல மாட்டிக்கிட்டேன். உங்க கையெழுத்துல ரெண்டு பக்கம் இருக்கு, அதுக்குக் குறுக்கால செவப்புக் கோடு. யாரு அடிச்சது?”

“நான்தான்.”

“நீங்க எழுதுனத நீங்களேயா?”

“பின்ன? அந்த ஆபீஸ்ல என்னைத் திருத்த முடிஞ்ச ஆளு யாரு இருந்தா?”

சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “கம்ப்யூட்டர்ல ரெண்டே கட்டம்தான் சேர். ‘சேவை முடித்தார்’, இல்லாட்டி ‘தப்பியோடினார்’. ஒண்ண அமுத்துனாத்தான் அடுத்த பக்கம் வருது. இந்த மனுஷனுக்கு எத அமுத்துறது?”

போனில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். அதே வாரம் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் மலருக்கும் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். “நீங்க தமாஷா பேசுற ஆளு, ஆபீஸ்ல நடந்த தமாஷ் ஏதாவது எழுதுங்க” என்றார் செயலாளர். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தமாஷ் கேட்டவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு விளம்பரங்களைப் படிக்கலாம்.

நான் எல்கடுவ தோட்டத்து லயத்தில் பிறந்தவன். சிங்களம் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல. எல்கடுவையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸின் மிதிபலகையில். அதனால் முதலில் எனக்கு வந்த சிங்களம் எல்லாம் ‘உள்ளே போ’, ‘இறங்கு’, ‘மிச்சக் காசு பிறகு’ என்கிற வகை. அந்தச் சிங்களத்தை நம்பித்தான் அரசாங்கம் எனக்கு எழுதுவினைஞர் வேலை தந்தது. பத்து வருடம் அங்குமிங்கும் தூக்கிப் போட்டபின், மாத்தளை டவுனில் ஒரு சிறிய பிரிவுக்கு அனுப்பினார்கள். இராணுவத்தில் இருந்தவர்களின் சேவைப் பதிவில் பிழை இருந்தால், அதைத் திருத்தச் சொல்லி விண்ணப்பம் தயாரித்து அனுப்புகிற பிரிவு. துப்பாக்கியை நான் பார்த்ததே தோட்டத்துப் பங்களாவில் பன்றி சுடும்போதுதான். இருந்தாலும் முதல் வாரம் உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் எழுந்து சல்யூட் அடித்தேன். மூன்றாம் நாள் என்னிடம் சல்யூட் வாங்கியவர் கூரைக்கு ஓடு மாற்ற வந்த மேசன் பாஸ். அவரும் ஏணியைக் கீழே வைத்துவிட்டு முறைப்படி திருப்பி அடித்தார்.

பிறந்த திகதி பிழை, ஊர் பிழை, காயம் பட்டது வலது காலா இடது காலா என்பதில் பிழை. ஒருவருக்குப் பதிவில் இரண்டு மனைவி; வீட்டில் ஒன்று. அவர் திருத்த வேண்டாம் என்று கொஞ்சநாள் பிடிவாதம் பிடித்தார். எந்தப் பிழைக்கும் மூன்று சாமான் வேண்டும்: மூலப் பதிவின் பிரதி, பிழை எப்படி நேர்ந்தது என்ற வாக்குமூலம், சரியானதற்கு ஆதாரம். மூன்றையும் கோர்த்து மேலே ஒரு கடிதம் வைத்தால் ஃபைல் தயார். பிறகு அது சந்திரா மேடத்தின் மேசைக்குப் போகும்.

சந்திரா மேடம் எங்கள் பிரிவின் தலைவர். சேலை மடிப்பு கலையாத மனுஷி. ஃபைலைத் திறக்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். கைப்பையிலிருந்து ஒரு கராம்பு எடுத்து இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அதன்பின் ஃபைலைத் தலைகீழாகப் படிப்பார். அதாவது கடைசித் தாளை முதலில், முதல் தாளைக் கடைசியில். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“மல்லி, முதல் பக்கத்தில் எல்லாரும் குளித்து உடுத்திக்கொண்டு நிற்பார்கள்,” என்றார் சிங்களத்தில்; மல்லி என்றால் தம்பி. “கடைசிப் பக்கத்தில்தான் வீட்டில் எப்படி இருக்கிறார்களோ அப்படி இருப்பார்கள்.”

படித்துக்கொண்டு போகையில் கராம்பு இடது கன்னத்திலேயே இருந்தால் கையெழுத்து நிச்சயம். வலது கன்னத்துக்கு மாறினால் எங்கோ இடிக்கிறது என்று பொருள். ஃபைலைக் கொடுத்துவிட்டு மேடத்தின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அரச ஊழியன் இந்த இலங்கைத் தீவில் நான் ஒருவன்தான். வெளியிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஜௌபர் நானா வந்தது ஒரு மழைநாளில். கக்கத்தில் ஒரு ஊன்றுகோல், வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். டவுனுக்கு வெளியே இரண்டு மைலில் அவருடைய ஊர். மர வாங்கின் விளிம்பில், எழுந்து ஓடத் தயாராக இருப்பவர்போல் உட்கார்ந்தார். ஒரு பொலித்தீன் பையிலிருந்து இரண்டு தாள் எடுத்தார். ஒன்று, அவர் இன்ன மாதத்தில் முகாமிலிருந்து தப்பியோடியவர் என்ற பழைய கடிதம். மற்றது, அதற்கு எட்டு மாதம் கழித்து, மிதிவெடியில் கால் போன ‘படைவீரர்’ என்று அவரைச் சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் துண்டு.

“ஓடிப்போன ஆளுக்கு எட்டு மாசம் கழிச்சு மிதிவெடி எங்க நானா கெடச்சிச்சு? மாத்தளைச் சந்தையிலயா?” என்று கேட்டேன். என் வாய் அப்படி.

அவர் சிரிக்கவில்லை. “அதான் சேர் பிழை,” என்றார்.

“அந்த மாசத்துல என்ன நடந்துச்சு?”

“என்ட வாப்பா மவுத்தானது அந்த மாசம்தான்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சத்தை நான் சொன்னேன். எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது! முஸ்லிம் வீடுகளில் மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, வைத்திருக்க மாட்டார்கள், அன்றைக்கே அடக்கம். சிங்களவர்களைப்போல் மூன்று நான்கு நாள் வைத்திருக்கும் வழக்கமென்றால், லீவுத் தாளில் கையெழுத்து வாங்கி ஆறுதலாகப் போகலாம். இவருக்கு அதற்கு நேரமில்லை. முகாமிலிருந்த லெப்டினன்ட் “போ, நான் பிறகு எழுதிக்கொள்கிறேன்” என்று வாயால் அனுப்பியிருப்பார். சில நாளில் அந்த முகாம் விழுந்தது, லெப்டினன்ட் இறந்தார்; அது நாடே அறிந்த செய்தி. எழுதவேண்டியதை எழுத ஆளில்லை. ஆகவே, தப்பியோடியவர்.

“லெப்டினன்ட் வாயால லீவு சொல்லித்தானே அனுப்பினாரு?”

ஜௌபர் நானா நிலத்தைப் பார்த்தார். “நீங்க எழுதுங்க சேர்.”

நான் எழுதினேன். இரண்டு பக்கம். அப்படியொரு வாக்குமூலத்தை என் வாழ்நாளில் எழுதியதில்லை. வாசித்துக் காட்டியபோது எனக்கே கண் கலங்கியது. அவருக்குக் கலங்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

இரண்டாம் முறை வந்தபோதுதான் இந்தத் தாள் எதற்கென்று சொன்னார். முகாமில் அவருக்குப் பக்கத்துக் கட்டில் சுனில். வில்கமுவக்காரன். முகாம் விழுந்த அன்று இறந்துபோனான். அவனுடைய தகப்பன் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கிறார். மகனோடு இருந்தவர்களில், அன்று முகாமில் இல்லாததால் மிஞ்சியவர்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்கிறார். ஜௌபர் நானாவுக்கும் சொல்லி வருகிறது. ஒருமுறைகூட அவர் போனதில்லை.

“ஏன் போகல?”

“என்னத்தச் செல்லிக்கொண்டு போற சேர்? தப்பியோடினவன் எண்டு பேர் ஈக்கி. ஒரு கடதாசி கையில ஈந்தா அந்தக் கெழவனுக்கு முன்னால போய் நிக்கேலும்.”

அவருடைய ஆசை அவ்வளவுதான். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் நிற்பதற்கு ஒரு கடதாசி.

எனக்கு வேகம் வந்துவிட்டது. ஆதாரம் பலமாக இருக்கட்டும் என்று, யாரும் கேட்காத கடிதமொன்றையும் பள்ளிவாசலிலிருந்து கேட்டு வாங்கினேன். அது வந்தது. முகாமின் ஆள் கணக்கெடுப்புப் பிரதியும் தலைமையகத்திலிருந்து வந்தது. கணக்கெடுப்புத் தாளில் என்ன இருக்கப்போகிறது, பெயர்தானே என்று வாசிக்காமலே கடைசியில் கோர்த்தேன். இருபத்தைந்து வருடம் தாள் படித்துச் சம்பளம் வாங்கியவன் செய்த வேலை இது.

மேடம் கடிகாரத்தைக் கவிழ்த்தார். கராம்பு உள்ளே போனது. கடைசித் தாளைப் படித்தார். அதற்கு முந்தின தாளைப் புரட்டினார். கராம்பு வலப்பக்கம் போனது. இரண்டே தாள்.

“மல்லி, இவருடைய தகப்பன் இறந்தது என்றைக்கு?”

“வெள்ளிக்கிழமை காலை, மேடம். அன்று பின்னேரமே அடக்கம். மகனே கபுறுக்குழிக்குள் இறங்கி மையத்தை வைத்தார் என்று பள்ளிவாசல் எழுதியிருக்கிறது.” பெருமையாகச் சொன்னேன்.

“நல்லது. முகாமில் இவரைக் காணோம் என்று எழுதியது என்றைக்கு?”

கடைசித் தாளை என் பக்கம் திருப்பினார். புதன்கிழமை காலை, ஆறு மணி.

அப்போதெல்லாம் அந்த முகாமிலிருந்து மாத்தளைக்கு வர ஒன்றரை நாள். வெள்ளிக்கிழமை காலையில் நடந்த மரணத்துக்கு, அன்றே முடிந்த அடக்கத்துக்கு, ஒருவர் புதன்கிழமையே புறப்பட முடியாது. அன்றைக்கே அடக்கம் என்ற வழக்கத்தை வைத்துத்தான் நான் மாளிகை கட்டியிருந்தேன். அதே வழக்கம் அதை இடித்துப் போட்டது. இடிக்கிற கல்லையும் நானேதான் பள்ளிவாசலில் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

மேடம் ஃபைலை மூடினார். “நான் பின்னாலிருந்து படிக்கிறேன். தலைமையகத்தில் இருப்பவர்கள் முன்னாலிருந்து படிப்பார்கள். உன் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு அழுதுகொண்டே கையெழுத்துப் போடுவார்கள். அனுப்பினால் போய்விடும், மல்லி.” கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். “அனுப்புவதா என்று அவரிடம் கேட்டுக்கொண்டு வா. உன்னிடம் நீயே கேட்டுக்கொள்ளாதே.”

அன்று பின்னேரமே போனேன். ஜௌபர் நானா வீட்டு வாசலில் சாக்கை விரித்துச் சாதிக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

“நாள் இடிக்குதுங்க நானா,” என்றேன்.

“இடிக்கும்தானே.”

“லெப்டினன்ட்...”

“அந்த மனுஷன் ஒண்டும் செல்லல்ல சேர். அதெல்லாம் நீங்க சென்னது. நான் பயத்துல ஓடினேன். வேற ஒண்டுமில்ல, பயம்.”

சாதிக்காயைத் தரம் பிரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். ஒரு இரவு காவலில் நின்றபின் ஓடுவதென்று முடிவெடுத்தார். சுனிலிடம் மட்டும் சொன்னார். சுனில் தடுக்கவில்லை. யூனிஃபோமோடு போனால் முதல் சந்தியிலேயே பிடிப்பார்கள் என்று தன்னுடைய நீலச் சட்டையைக் கொடுத்தான். வியாழன் பின்னேரம் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

“வாப்பா கேட்டார், ‘லீவா மகன்?’ எண்டு. ‘ஓ வாப்பா’ எண்டேன். அவருக்குச் சந்தோஷம் பொறுக்கேல்ல. ஊர் முழுக்கப் போய் மகன் லீவுல வந்தீக்கான் எண்டு செல்லிட்டு வந்தார். எறச்சி வாங்கினார். விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பல்ல.” ஒரு சாதிக்காயை எடுத்துச் சாக்கின் மறுபக்கம் போட்டார். “வாப்பாக்கு நான் கடைசியா சென்னது பொய் சேர். அதே பொய்யத்தான் நீங்களும் ரெண்டு பக்கத்துல அழகா எழுதி ஈந்தீங்க.”

நானும் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ஜனாஸாவுக்கு வந்த ஊரார் எல்லாரும் லீவு எத்தனை நாள் என்று கேட்டார்கள். ஞாயிறு வரை என்று சொன்னார். சொன்னபடியால், மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் ஞாயிறு பஸ் ஏறினார். வாப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போன வார்த்தையைப் பிள்ளை எப்படிப் பொய்யாக்குவது? வவுனியாவில்தான் தெரிந்தது, முகாம் சனிக்கிழமை விழுந்துவிட்டது, உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று.

“அங்க ஈந்து வீட்டுக்குத் திரும்பி ஈந்தா ஒரு ஆளுக்கும் தெரியாது. நான் திரும்பல்ல. பக்கத்து முகாம் வாசல்ல போய் நம்பரச் சென்னேன். ஒரு துண்டுல பேர எழுதி எடுத்தாங்க. எட்டு மாசம் அங்கதான். பொறகு காலு.” நிமிர்ந்து பார்த்தார். “ஓடினதெண்டு எழுதினது சரி சேர். அது பிழையில்ல. அத அழிக்கவாணாம். திரும்பிப் போனது எழுதி இல்ல. அதான் பிழை. அத மட்டும் எழுதித் தாங்க.”

“அப்படி எழுதுனா, ஓடினது அப்படியே நிக்குமுங்க. லீவுன்னு எழுதுனா சுத்தமா அழிஞ்சு போயிரும்.”

“செத்த மனுஷன்ட வாயில லீவ வெக்கவாணாம்.”

மறுநாள் ஆபீசில் சிவப்புப் பேனாவை எடுத்து என் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே கோடு அடித்தேன். நிரோஷனி கண்டது அதைத்தான். கிழித்தெறியலாம் என்றேன்; ஃபைலுக்குள் வந்த தாள் வெளியே போகக்கூடாது, அதுவும் உன்னுடையது போகவே கூடாது என்றார் மேடம். புதிய வாக்குமூலம் ஐந்தே வரி. அனுமதியின்றிச் சென்றார். ஒரு வாரத்துக்குள் தானாகத் திரும்பினார். பக்கத்து முகாமில் எட்டு மாதம் பணி செய்தார். அங்கு காயமடைந்தார். ஆஸ்பத்திரித் துண்டு இணைப்பு. மேடம் படித்தபோது கராம்பு அசையவில்லை.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. நினைவூட்டல் கடிதம் மட்டும் ஆறு எழுதினேன். கடைசியில் தாள் வந்தது. தப்பியோடினார் என்ற வரி அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி: மீண்டும் சமுகமளித்தார். ஜௌபர் நானா அதைக் கையில் வைத்து ரொம்பநேரம் பார்த்தார்.

“ரெண்டும் ஈக்கி,” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வருடத் தானத்துக்கு என்னையும் கூட வரச்சொன்னார். லீவு போட்டுத்தான் போனேன், எழுத்தில். வில்கமுவவுக்குப் போகும் பஸ் எப்போது வருமென்று அந்த பஸ்ஸுக்கே தெரியாது. கடைசித் தூரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. ஒரு கை டிராக்டரின் பின்பெட்டியில், யூரியா மூட்டைகளுக்கு நடுவே, அவர் ஊன்றுகோலையும் நான் என் மானத்தையும் பிடித்துக்கொண்டு போய் இறங்கினோம்.

தானத்துக்கு வந்த பிக்குகள், ஹாமுதுருமார், சாப்பிட்டுப் போயிருந்தார்கள். வந்தவர்களுக்குப் பாயில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சுனிலின் தகப்பன் தர்மதாச அப்புஹாமி, வெள்ளைச் சாரம், எலும்பும் தோலுமான வயல்காரர். ஜௌபர் நானா தன் பெயரைச் சொன்னதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எத்தனை வருஷம் சொல்லி அனுப்பினேன், மகன்! இப்போதுதான் வழி தெரிந்ததா?”

ஜௌபர் நானா தாளை நீட்டினார். கண் தெரியவில்லை, வாசி மாத்தயா என்று கிழவர் என்னிடம் கொடுத்தார். அத்தனை பேருக்கு முன்னால் வாசித்தேன். தப்பியோடினார் என்ற சொல் வந்ததும் பாயிலிருந்தவர்களின் கை சோற்றில் நின்றது. மீண்டும் சமுகமளித்தார் என்றும் வாசித்தேன். கிழவர் தலையசைத்தார். அந்தத் தாள் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்பது அப்போதே விளங்கியது. அவருக்கு வேறு ஒன்று தெரியவேண்டி இருந்தது.

“நீ புறப்படும்போது சுனில் பார்த்தானா?”

“அவன்தான், அப்பச்சி, அனுப்பி வைத்தான். அவனுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் வந்தேன்.”

கிழவரின் கை அவருடைய கையிலிருந்து மெல்ல நழுவியது.

“கட்டம் போட்ட நீலமா?”

“ஆமாம்.”

“பொக்கெட்டுக்கு மூடி வைத்ததா?”

“ஆமாம், அப்பச்சி.”

கிழவர் வாசற்படியில் உட்கார்ந்தார். சவப்பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று சொல்லித்தான் அன்று கொடுத்துவிட்டுப் போனார்களாம். பிறகு மகனின் சாமான்களும் ஒரு பட்டியலும் வந்தன. எல்லாம் இருந்தது, புத்தாண்டுக்கு இவர் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை மட்டும் இல்லை. சட்டை இல்லையென்றால் என்ன அர்த்தம்? அதைப் போட்டுக்கொண்டு பையன் உயிரோடு எங்கோ போயிருக்கிறான். ஊருக்காகத் தானம் கொடுத்தார். தனக்காக, மகனோடு இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆள் அனுப்பினார். யாராவது ஒருவன் வந்து, சுனில் நீலச் சட்டையோடு போனதைக் கண்டேன் என்று சொல்வான் என்று.

“அப்படியென்றால் அவன் எங்கேயும் போகவில்லை,” என்றார் கிழவர். யாரிடமும் சொல்லவில்லை. முற்றத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஜௌபர் நானா ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நிலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காலோடு நிலத்தில் உட்காருவது லேசான காரியமில்லை. “சட்டை இப்போது என்னிடம் இல்லை அப்பச்சி. வாப்பாவின் உடுப்புகளோடு சேர்த்து உம்மா அதையும் ஒரு ஏழைக்குக் கொடுத்துவிட்டார்.”

“பரவாயில்லை. நல்ல துணி. யாராவது போட்டிருப்பான்.”

பிறகு கிழவர் எழுந்து உள்ளே போனார். நாங்கள் புறப்பட வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். அவர் ஒரு தட்டில் சோறும், மடித்து மடித்துப் பிய்ந்துபோன ஒரு தாளும் கொண்டுவந்தார். சோற்றை ஜௌபர் நானாவின் கையில் கொடுத்தார். தாளை என்னிடம் தந்தார். சாமான் பட்டியல்.

“மாத்தயா, நீங்கள் பதிவு திருத்துகிறவர் என்று சொன்னீர்களே. இதையும் திருத்திக் கொடுத்துவிட்டுப் போங்கள்.”

முழங்காலில் வைத்து, பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே, என்னால் முடிந்த அளவு அழகாகச் சிங்களத்தில் எழுதினேன்: நீலச் சட்டை ஒன்று. நண்பனுக்குக் கொடுத்தது. திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். கிழவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முன்போலவே மடித்தார்.

உன் ஃபைலுக்கு வருகிறேன், நிரோஷனி மகள். கோடு அடித்த இரண்டு பக்கத்தையும் விடாமல் ஏற்று. அது என்னுடைய பதிவு. கட்டத்தில் ‘தப்பியோடினார்’ என்பதை அமுத்து, அவர் கோபிக்க மாட்டார். ஆனால் திரும்பிய நாளை எழுத ஒரு இடம் கேட்டு மேலே கடிதம் போடு. பதில் வராவிட்டால் நினைவூட்டல் போடு. ஆறாவது கடிதத்துக்குத்தான் எனக்குப் பதில் வந்தது.

நானே என் கையால் திருத்திய ஒரே இராணுவப் பதிவு அந்தப் பட்டியல்தான். அது வில்கமுவவில் ஒரு வீட்டில் இருக்கிறது. ஸ்கேன் பண்ணத் தேடாதே.